பெட்டியில் பன்னிரண்டு பேரிங், கையில் வீங்கிய விரல்

அது என்ன மீன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பாறைத் திட்டின் ஓரமாக ஜிக்கை, அதாவது கனமான உலோகச் செயற்கை இரையை, இறக்கி இழுத்துக்கொண்டிருந்தேன். மீன் அடித்தவுடனேயே ராடு, அதாவது தூண்டில் கோல், முன்பிடி வரை வளைந்துவிட்டது. காலை ஊன்றிக்கொண்டு, தூண்டில் நரம்பை (லைனை) சுற்றி எடுக்கும் ரீலின் கைப்பிடியை இரண்டு சுற்று சுற்றினேன். மூன்றாவது சுற்றில் கைப்பிடி என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு பின்பக்கமாகச் சுழல ஆரம்பித்தது. மீன் பலமாக இழுத்தால் லைனை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக்தான் டிராக். அதன் வழியாகப் போகவேண்டிய லைன் கைப்பிடி வழியாகப் போகிறது! சுழன்ற வேகத்தில் கைப்பிடிக் குமிழ் விரல் முட்டியில் நாலைந்து அடி அடித்தது. வலியில் கையை எடுத்தேன். லைன் தளர்ந்த அந்த நொடியில் மீன் தூண்டில் முள்ளை உதறிவிட்டுப் போய்விட்டது.

ரீல் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் "12+1 பேரிங்" என்று போட்டிருந்தார்கள். பேரிங் என்றால் சுழலும் பாகங்களை உராய்வில்லாமல் தாங்கும் வளையம். அதன் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் வாங்கினேன். பக்கத்தில் நின்று மீன் பிடித்துக்கொண்டிருந்த அண்ணன் கையில் இருந்ததோ ஐந்தே பேரிங் உள்ள பழைய ரீல். என் விரலைப் பார்த்துவிட்டு, "உன்னதுல பன்னிரண்டு இருக்கே தம்பி, ஒண்ணாவது வேலை செய்யக் கூடாதா?" என்றார். கோபம் வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது.

வீட்டுக்கு வந்ததும் ரீலைப் பிரித்தேன். பழுதான ரீலைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒருமுறையாவது பிரித்துப் பாருங்கள். விளம்பரத்தில் வராத எல்லாமே அதற்குள்தான் இருக்கிறது.

கைப்பிடி பின்பக்கம் சுழலாமல் தடுப்பது, சுழன்று லைனைச் சுற்றிவிடும் ரோட்டருக்குக் கீழே இருக்கும் ஒருவழி கிளட்ச். ஒரு வளையத்துக்குள் சின்னச் சின்ன உருளைகள், ஒவ்வொன்றையும் தள்ளிப் பிடிக்க மெல்லிய ஸ்பிரிங். முன்னால் சுற்றினால் உருளைகள் விலகி வழிவிடும், பின்னால் இழுத்தால் ஆப்பு மாதிரி இறுகிப் பிடித்துக்கொள்ளும். பெட்டியில் "+1" என்று போடுவது பெரும்பாலும் இதைத்தான். என் ரீலில் கியர் கிரீஸ் கசிந்து அங்கே போயிருந்தது. உப்பும் சேர்ந்து பசை மாதிரி ஆகி, உருளைகள் அசையாமல் ஒட்டிக் கிடந்தன. பன்னிரண்டு இருந்தும் அந்த ஒன்று காலை வாரிவிட்டது.

சரி, பன்னிரண்டும் எங்கே என்று தேடினேன். கைப்பிடிக் குமிழில், லைன் சுற்றியிருக்கும் ஸ்பூலுக்கு அடியில் என்று சுமை அவ்வளவாக வராத இடங்களில் தாராளமாகப் போட்டிருந்தார்கள். முக்கியமான பெரிய கியரின் ஒரு பக்கம் மட்டும் பேரிங்குக்குப் பதில் வெறும் பிளாஸ்டிக் வளையம், அதாவது புஷ். இருந்த பேரிங்குகளில் பாதி துருப்பிடித்துக் கரகரத்தன. கியரைச் சுற்றியிருந்த கிரீஸ் சாம்பல் நிறத்தில் இருந்தது. விரலில் தேய்த்தபோது மினுமினுத்தது. அத்தனையும் கியர் பல்லிலிருந்து உதிர்ந்த உலோகத் தூள்.

அதற்குப் பிறகு நான் பேரிங் எண்ணிக்கையைப் பார்ப்பதே இல்லை. பெரிய கியரோடு சேரும் சின்னக் கியரான பினியனைத் தாங்க இரண்டு, பெரிய கியருக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று, லைன் மேலே ஓடிவரும் சின்ன உருளையான லைன் ரோலரில் ஒன்று. இந்த ஐந்தும் தரமாக இருந்தால் போதும். மற்றதெல்லாம் நகை.

இவ்வளவும் தெரிந்த பிறகு நல்ல ரீல் வாங்கினேன் என்று நினைப்பீர்கள். இல்லை. "அந்த ரீல் மோசம், மலிவு ரீல் எல்லாமே மோசமில்லை" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு இன்னொரு மலிவு ரீலையே வாங்கினேன். அதில் கிளட்ச் நன்றாகவே இருந்தது, பெயில்தான் சரியில்லை. லைனைப் பிடித்துச் சுற்றவைக்கும் வளைந்த கம்பிதான் பெயில், வீசும்போது அது திறந்திருக்க வேண்டும். முழு வேகத்தில் வீசும்போது பாதியில் தானாக மூடிக்கொள்ளும். லைன் சட்டென்று நின்று அறுந்து, செயற்கை இரையான லூர் மட்டும் தனியாகப் பறந்துபோய் விழும். அப்படி ஒரே காலையில் மூன்று லூர் போனது. மூன்றாவதாக வாங்கிய மலிவு ரீலில் கைப்பிடி ஆட ஆரம்பித்தது. மூன்றின் விலையையும் ஒரு நாள் கூட்டிப் பார்த்தேன். ஒரு நல்ல நடுத்தர ரீல் வாங்கி, அதற்கு ஒரு உபரி ஸ்பூலும் வாங்கியிருக்கலாம். நான் தொலைத்த லூர்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை, மனசு கேட்கவில்லை.

நான்காவதாகத்தான் நடுத்தரம். ஷிமானோ ஸ்ட்ராடிக், டைவா பிஜி, பென் ஸ்பின்ஃபிஷர் என்று பலரும் சொல்வார்களே, அந்த வரிசை. கையில் எடுத்துச் சுற்றியபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. என் மலிவு ரீல் புதிதாக இருந்தபோது இதைவிட வழவழப்பாகச் சுழன்றதே! கடையில் கைப்பிடியைச் சுற்றிப் பார்த்து ரீலை எடைபோடக் கூடாது என்பது அப்புறம்தான் புரிந்தது. கெட்டியான கிரீஸை நிறைய அப்பினால் எந்தக் கியரும் வெண்ணெய் மாதிரிதான் சுழலும். நீர் புகாத சீல் உள்ள ரீலோ, அந்த ரப்பரின் உராய்வால் புதிதில் சற்றுக் கனமாகவே சுழலும். சுமை இல்லாதபோது இரண்டுக்கும் தரத்தில் உள்ள வித்தியாசம் தெரியாது. சுமை ஏறும்போதுதான் தெரியும்.

சுமை என்றால் முதலில் டிராக். என்னைக் கேட்டால் மலிவுக்கும் தரத்துக்கும் நடுவே கோடு விழுவது இங்கேதான்.

மலிவு ரீலின் பெட்டியிலும் "அதிகபட்ச டிராக் 10 கிலோ" என்று போட்டிருக்கும். பொய் என்று சொல்லமாட்டேன், திருகை முழுக்க இறுக்கினால் வரலாம். ஆனால் 10 கிலோ நமக்கு எதற்கு? 6 கிலோ தாங்கும் லைன் போட்டிருந்தால் டிராக்கை ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோவுக்குள்தான் வைக்க வேண்டும். லைன் தாங்கும் எடையில் நாலில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை என்பது பொதுவான கணக்கு. அந்த இரண்டு கிலோவில் டிராக் எப்படிப் பிடித்து எப்படி விடுகிறது என்பதுதான் கேள்வி. நல்ல டிராக் இழுத்தவுடன் ஓட ஆரம்பிக்கும், ஒரே சீராக ஓடும். மோசமான டிராக் முதலில் ஒட்டிக்கொண்டு நிற்கும், பிறகு திடுக்கென்று விடும், மறுபடி ஒட்டும். இரண்டு கிலோவுக்கு வைத்த டிராக், விடுவதற்கு முந்தைய அந்தக் கணத்தில் மூன்றோ நாலோ கிலோவைத் தொட்டுவிடும். நிறைய மீன் அந்தக் கணத்தில்தான் போகிறது. நாமோ "லைன் சரியில்லை" என்று லைனைத் திட்டுவோம்.

இதைச் சோதிக்க ஒரு தொங்கும் தராசு போதும். லைனை ராடின் வளையங்கள் வழியாக எடுத்துத் தராசுக் கொக்கியில் கட்டுங்கள். ஒருவர் ராடைப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் தராசோடு மெதுவாகப் பின்னால் நடக்க வேண்டும். லைன் நகரத் தொடங்கும்போது முள் எங்கே இருக்கிறது, ஓடும்போது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இரண்டும் பக்கத்தில் இருந்தால் நல்ல டிராக். என் மலிவு ரீலில் முள் குதித்த குதியைப் பார்த்துக் கூட இருந்த நண்பர் தராசுதான் கெட்டுவிட்டது என்றார். அதே தராசில் நடுத்தர ரீலைக் கட்டியபோது முள் நடுங்கக்கூட இல்லை.

உள்ளே இருக்கும் வாஷர்தான் காரணம். மலிவு ரீலில் பெரும்பாலும் காய்ந்த ஃபெல்ட் வாஷர், தண்ணீர் பட்டால் பிடிப்பு மாறிவிடும். நல்ல ரீலில் கார்பன் ஃபைபர் வாஷர் இருக்கும், நீண்ட ஓட்டத்தில் ஏறும் சூட்டைத் தாங்கும். அதற்காக ஃபெல்ட்டை ஒரேயடியாக ஒதுக்காதீர்கள். டிராக் கிரீஸ் சரியாக ஊறிய ஃபெல்ட், மெல்லிய லைனுக்கு அருமையாக ஓடும். என் மூன்றாவது மலிவு ரீலில் வாஷரைச் சுத்தம் செய்து டிராக் கிரீஸ் தடவியதும் பாதிக் குறை தீர்ந்துவிட்டது. கையில் ஏற்கெனவே மலிவு ரீல் இருந்தால் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

இன்னொன்று, எந்த விலை ரீலுக்கும் பொருந்துவது. மீன் லைனை இழுத்துக்கொண்டு ஓட ஓட, ஸ்பூலில் சுற்றியிருக்கும் லைனின் விட்டம் குறையும். டிராக் திருகை நீங்கள் தொடவே இல்லை என்றாலும் இழுவிசை ஏறும். விட்டம் பாதியானால் இரண்டு கிலோ நாலாகிவிடும். நீண்ட ஓட்டத்தில் டிராக்கை இறுக்கத் துடிக்கும் கையைக் கட்டுப்படுத்துவது, ரீல் வாங்குவதைவிடக் கஷ்டம்.

டிராக்குக்கு அடுத்து கியர். மலிவு ரீலில் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்த கியர் இருக்கும். தக்கை போட்டு உட்காருபவருக்கு அது வருடக்கணக்கில் உழைக்கும். கனமான ஜிக்கை நாள் முழுக்க இழுத்தால் என்னுடையது மாதிரி தூளாகும். மேல்வரிசையில் அழுத்தி உருவாக்கிய அலுமினியக் கியரோ இயந்திரத்தில் செதுக்கிய கியரோ வரும். உடல் கிராஃபைட்டா உலோகமா என்பதும் இதோடு சேர்ந்ததுதான். சுமையில் உடல் முறுக்கிக்கொண்டால் நல்ல கியரும் பல் நேராகச் சேராமல் தேயும். கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ரோட்டர் எத்தனை முறை சுழலும் என்ற கியர் விகிதத்தைப் பற்றி நான் அலட்டிக்கொள்வதில்லை. ஐந்துக்கு ஒன்றோ ஆறுக்கு ஒன்றோ, கை பழகிக்கொள்ளும்.

ஆனால் அந்த எண்ணோடு தொடர்புள்ள ஒரு கெட்ட பழக்கம் எனக்கு இருந்தது. மீன் டிராக்கை இழுத்துக்கொண்டு ஓடும்போதும் நான் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பேன், ஏதோ உதவி செய்வதாக நினைப்பு. நான் சொல்லிவரும் இந்த ஸ்பின்னிங் ரீலில் வீசும்போதும் சுற்றும்போதும் ஸ்பூல் சுழலாது, லைன்தான் அதைச் சுற்றி வரும். 1905இல் இங்கிலாந்தில் இந்த வகை ரீலுக்குக் காப்புரிமை பெற்ற ஆல்ஃபிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் ஜவுளித் தொழில்காரர். நூல் சுற்றிய கதிரின் நுனி வழியாக நூல் உருவி வருவதைப் பார்த்த கண்ணுக்குத்தான் இந்த யோசனை வந்திருக்க முடியும். வசதியான ஏற்பாடு, ஆனால் முறுக்கு ஏறும். டிராக் ஓடும்போது நீங்கள் சுற்றினால் லைன் உள்ளே வராது, ரோட்டர் மட்டும் சுழன்று ஒரு கைப்பிடிச் சுற்றுக்கு ஐந்தோ ஆறோ முறுக்கை லைனில் ஏற்றும். இருபது சுற்றில் நூறு முறுக்கு! அடுத்த வீச்சில் லைன் கொத்தாகச் சிக்கிக்கொண்டு வரும்போது "மலிவு ரீல், அதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நடுத்தர ரீல் வந்த பிறகும் அதே கொத்து வந்தபோதுதான் குற்றவாளி யார் என்று தெரிந்தது.

ரீல் மேல் போட்ட பழி இன்னும் ஒன்று உண்டு. இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டு லைனைப் புதிதாக வாங்கி வெறும் ஸ்பூலில் நேராகச் சுற்றியிருந்தேன். மீன் இழுத்தால் லைன் போகும், டிராக் சத்தமே வராது. எவ்வளவு இறுக்கினாலும் அதே கதை. டிராக் செத்துவிட்டது என்று நினைத்தேன். உண்மையில் பிரெய்டு மொத்தமாக ஸ்பூலின் மேல் வழுக்கிக்கொண்டிருந்தது. அடியில் கொஞ்சம் நைலான் நரம்பைச் சுற்றிவிட்டு அதன் மேல் பிரெய்டைக் கட்டினால் இந்தப் பிரச்சினையே இல்லை.

இப்போது உயர்ரகத்துக்கு வருகிறேன். ஷிமானோவின் ஸ்டெல்லா, டைவாவின் சால்டிகா என்று பெயர் சொன்னாலே கூட்டம் திரும்பிப் பார்க்குமே, அந்த ஜாதி. ஒரு நண்பர் புது மாடலுக்கு மாறியபோது தன்னுடைய பழையதைப் பாதி விலைக்கு எனக்குக் கொடுத்தார். முதல் நாள் வீசியபோதே வித்தியாசம் தெரிந்தது. லைன் ஸ்பூலில் நூல்கண்டு மாதிரி நெருக்கமாகப் படிந்தது. ஆறு மணி நேரம் விடாமல் லூர் வீசியும் மணிக்கட்டு வலிக்கவில்லை, ஏனென்றால் எடை குறைவு. மீன் லூரை முகர்ந்து பார்த்தால்கூடக் கையில் தெரிகிறது என்று பீற்றிக்கொண்டேன். அதில் பாதியாவது உண்மை.

அந்த ரீலை நான் இரண்டே வருடத்தில் நாசமாக்கினேன். கடலிலிருந்து வந்ததும் குழாயை முழு வேகத்தில் திருப்பி ரீலின் மேல் பீய்ச்சி அடிப்பேன். நன்றாகக் கழுவுகிறேன் என்ற பெருமை வேறு. வேகமான நீர் உப்பைக் கழுவிவிடாது, இடுக்குக்குள் தள்ளிவிடும். லைன் ரோலரின் பேரிங் உப்பு கட்டி நின்றுவிட்டது, நான் கவனிக்கவில்லை. சுழலாத ரோலரின் மேல் பிரெய்டு மாதக்கணக்கில் உரசி, ரம்பம் மாதிரி ஒரு கோடு போட்டுவிட்டது. அந்தக் கோட்டின் விளிம்பு லைனைச் சீவ, நல்ல மீன் இரண்டு போன பிறகுதான் விரலால் தடவிப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, உதிரி பாகம் கிடைத்தது. ரோலரும் பேரிங்கும் மாற்றியதும் பழையபடி ஆகிவிட்டது. மலிவு ரீலில் இது நடக்காது. அதற்குப் பாகங்களின் வரைபடமும் இருக்காது, பாகமும் இருக்காது. உயர்ரகத்துக்குக் கொடுக்கும் காசில் ஒரு பகுதி இதற்குத்தான்.

இப்போது கழுவும் முறையை மாற்றிவிட்டேன். டிராக்கை முதலில் இறுக்கிவிட வேண்டும், தண்ணீர் வாஷருக்குள் போகாது. பிறகு பூவாளி மாதிரி மெதுவாக நல்ல தண்ணீர். வாளிக்குள் முக்கவே கூடாது. துடைத்துவிட்டு டிராக்கைத் தளர்த்தி, நிழலில் காயவிட்டு, லைன் ரோலரிலும் கைப்பிடிக் குமிழிலும் ஒரு சொட்டு எண்ணெய். துருவை இளக்க அடிக்கிற ஸ்பிரே எண்ணெய்க்கு மாற்று ஆகாது, அது இருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும். ஒருவழி கிளட்ச் பக்கம் கிரீஸ் போகவே கூடாது, என் விரல் சாட்சி. டைவாவின் மேக்சீல் உள்ள ரீல் என்றால் அந்த இடத்தில் நீங்களாக எண்ணெய் விடாதீர்கள். அங்கே காந்தத்தால் நிற்கும் எண்ணெய்ப் படலம்தான் சீல், வேறு எண்ணெய் கலந்தால் கெட்டுவிடும்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது என்று நண்பர்கள் கேட்டால், பதிலுக்கு எங்கே பிடிக்கப் போகிறாய் என்றுதான் கேட்பேன். ஏரி, குளம், தக்கை, கெண்டை என்றால் மலிவு ரீலே போதும், மிச்சக் காசுக்கு நல்ல லைன் வாங்கலாம். உப்புத் தண்ணீர், பாரை, சீலா, நாள் முழுக்க வீசுவது என்றால் நடுத்தரத்துக்குக் கீழே போகவேண்டாம். கரையில் தாங்கி நட்டு ராடைச் சாய்த்துவைத்துக் காத்திருப்பவருக்கு உயர்ரகத்தின் எடைக்குறைவால் ஒரு பயனும் இல்லை. பாறை மேல் நின்று அலை வாங்குபவர் எடையைவிட சீலைப் பார்க்க வேண்டும். ஐபிஎக்ஸ் 5 என்று போட்டிருந்தால் பீய்ச்சும் நீரைத் தாங்குவதாகச் சோதித்தது என்று அர்த்தம். அதற்காக என்னை மாதிரி குழாயை எடுக்கவேண்டாம்.

அளவு எண்ணையும் நம்பிவிடாதீர்கள். ரீலில் போடும் 2500, 4000 என்பதெல்லாம் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே அளவு இல்லை. டைவாவே 2018இல் எல்டி வரிசை வந்தபோது தன் அளவுகளை மாற்றிக்கொண்டது. எடையையும் எவ்வளவு லைன் கொள்ளும் என்பதையும் வைத்து ஒப்பிடுவதுதான் சரி.

கடையில் கைப்பிடியைச் சுற்றுவதற்குப் பதிலாக நான் இப்போது செய்வது வேறு. கைப்பிடியைப் பக்கவாட்டில் அசைப்பேன், லொடலொடவென்று ஆடக் கூடாது. ஊடாகப் போகும் போல்ட்டால் மாட்டும் கைப்பிடியைவிட நேராகத் திருகி ஏற்றும் கைப்பிடி எனக்குப் பிடிக்கும். ரோட்டரைப் பிடித்துப் பின்பக்கமாகச் சட்டென்று வெட்டிப் பார்ப்பேன், பத்துப் பதினைந்து முறை. ஒருமுறை வழுக்கினாலும் கீழே வைத்துவிடுவேன். லைன் ரோலரை விரலால் உருட்டுவேன். டிராக்கை லேசாக வைத்து ஸ்பூலைக் கையால் மெதுவாகச் சுழற்றினால் அது ஒட்டி ஒட்டி வருகிறதா என்று தெரியும். பெயிலை இருபது தடவை திறந்து மூடுவேன். கடைக்காரர்கள் முறைப்பார்கள்.

விரலை வீங்கவைத்த அந்த முதல் ரீலை நான் தூக்கிப் போடவில்லை. கிளட்சைக் கழுவி, பிளாஸ்டிக் புஷ் இருந்த இடத்தில் ஒரு பேரிங் போட்டு, டிராக் கிரீஸ் தடவி வைத்திருக்கிறேன். ஸ்பூலுக்கு அடியில் ஒரு மெல்லிய வாஷர் சேர்த்ததும், முன்பக்கமாகக் குவிந்துகொண்டிருந்த லைன்கூட ஒழுங்காகப் படிய ஆரம்பித்துவிட்டது. கடலுக்குக் கொண்டுபோவதில்லை. அக்கா மகன் அதில்தான் தக்கை போட்டுப் பழகுகிறான். போன வாரம் ஒரு கெண்டை டிராக்கை இழுத்துக்கொண்டு ஓடியபோது அவனும் விடாமல் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருந்தான். "சுத்தாதேடா, ஓட விடு" என்று கத்தினேன். மீன் வந்தது. லைனில் ஏறிய முறுக்கை எடுக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.